அயலார் நிலத்தில் ஓர் அதிகாலை

வானொலி மறையுரை



சொந்த வீட்டில் மின்சாரம் நின்றுபோனால் நாம் தடுமாறுவதில்லை. தீப்பெட்டி எங்கே, மெழுகுவர்த்தி எங்கே, எந்தப் படியில் கால் இடறும் என்பதெல்லாம் கைகால்களுக்கே தெரியும். அதே இருட்டு அறிமுகமில்லாத வீட்டில் வந்தால்? ஒவ்வோர் அடியையும் தடவித் தடவி வைக்கிறோம். பிறருடைய பொருள்மேல் கை பட்டுவிடக் கூடாதே என்று கூசுகிறோம். அந்தக் கூச்சம் நல்லது. அது நம்மிடம் இருக்கும்வரை அடுத்தவர் வீட்டில் ஒன்றும் உடையாது.

விவிலியத்தில் ரூத்து அப்படித்தான் பெத்லகேம் வயலுக்குள் வந்தார். மோவாபு நாட்டுப் பெண். கைம்பெண். அறுவடையில் உதிர்ந்த கதிர்களை ஏழைகளும் அந்நியரும் கைம்பெண்களும் பொறுக்கிக்கொள்ளலாம் என்று திருச்சட்டமே உரிமை தந்திருந்தது. இருந்தும், வயலை மேற்பார்த்தவரிடம் அனுமதி கேட்ட பிறகே அவர் குனிந்து கதிர் பொறுக்கினார். உரிமை இருந்த இடத்திலும் கேட்டுவிட்டு நுழைந்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டே, இன்று உங்களைத் தொலைவில் உள்ள ஒரு நிலத்திற்கு அழைத்துச் செல்கிறோம்.

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் தெற்கே ஓசார்க் என்ற மலைப்பகுதி இருக்கிறது. பெரிய மலைகள் அல்ல. ஏறி இறங்கும் குன்றுகள், கூழாங்கல் ஓடைகள், ஓக் மரக் காடுகள். ஏப்ரல் மாதம் வந்தால், ஓக் மரங்கள் இன்னும் முழுதாகத் துளிர்க்காத அந்தக் காட்டில் டாக்வுட் மரங்கள் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்தப் பருவத்தில்தான் அங்கே காட்டு வான்கோழி வேட்டை நடக்கிறது. ஒரு வசந்த காலத்தில் நாங்கள் இருவர் அங்கே போனோம். எங்களில் ஒருவர் அந்த ஊர்ப் பங்கிலேயே பிறந்து வளர்ந்த விவசாயி. வேட்டைக்கான உரிமம் பெற்றவர். மற்றவர் அவருடன் சென்ற குரு; கையில் ஆயுதம் ஏதுமின்றிப் பறவையை அழைக்கும் வேலையை ஏற்றவர்.

வேட்டையைப் பற்றி மறையுரையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நியாயம்தான். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிர்களை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. திருச்சபையும் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில், குருக்கள் வேட்டையில் நாட்டம் கொள்ளலாகாது, ஆரவார வேட்டையில் ஒருபோதும் ஈடுபடலாகாது என்று விதித்திருந்தது. அதே திருச்சபை, 727ஆம் ஆண்டு இறந்த லியேஜ் நகர் ஆயர் புனித ஊபர்ட்டை வேட்டைக்காரர்களின் பாதுகாவலராகவும் வணங்கிவருகிறது. ஆகவே, வேட்டை சரியா தவறா என்ற வழக்கை இன்று நாம் எடுக்கவில்லை. அந்த அதிகாலை எங்களுக்குக் காட்டிய ஒன்றை மட்டும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் அந்தப் பறவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலைப் பார்த்து ஆடப்போன பறவை என்றே வான்கோழியை நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். பண்ணையில் கொழுத்து, கிறிஸ்து பிறப்பு விருந்துக்குக் காத்திருக்கும் பறவை என்றும் அறிந்திருக்கிறோம். காட்டு வான்கோழி வேறு. அது இரவில் உயர்ந்த மரக்கிளைகளில் அடையும். மிக வேகமாக ஓடும். அதைவிட வேகமாகப் பறக்கும். மோப்பம் பெரிதாக இல்லை. ஆனால் கண் இருக்கிறதே, இமை அசைந்தாலும் கண்டுகொள்ளும். ஆண் பறவையின் மார்பில் தாடிபோல ஒரு கற்றை தொங்கும். அதன் வெறுந்தலை மனநிலைக்கேற்பச் சிவப்பாகவும் வெள்ளையாகவும் நீலமாகவும் மாறும். இந்த மூன்று நிறங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இந்தப் பறவை அந்தக் காடுகளிலிருந்து ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது. மரங்களை வெட்டினார்கள்; வரம்பின்றிச் சுட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் மிசூரி முழுவதிலும் மூவாயிரத்துக்கும் குறைவான பறவைகளே மிஞ்சியிருந்தன. அதற்கு முன்பு, பண்ணையில் வளர்த்த ஆயிரக்கணக்கான வான்கோழிகளைக் காட்டில் கொண்டுவிட்டுப் பார்த்தார்கள். அவை பிழைக்கவில்லை. ஸ்டார்க்கர் லியோபோல்ட் என்ற அறிவியலாளர் ஓசார்க் காடுகளில் ஆய்வு செய்து 1944இல் அதன் காரணத்தை எழுதினார். பண்ணை இரத்தம் கலந்த பறவைகளுக்குக் காட்டில் வாழ்வதற்கான எச்சரிக்கை உணர்வு குறைந்திருந்தது. எனவே 1950களில் வழியை மாற்றினார்கள். எஞ்சியிருந்த உண்மையான காட்டுப் பறவைகளை வலை வீசிப் பிடித்து, பறவையே இல்லாத காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். வேட்டைக்காரர்கள் காத்திருந்தார்கள். 1960இல் முதல்முறையாக மூன்றே மூன்று நாள்களுக்கு வேட்டை திறந்தபோது, மாநிலம் முழுவதும் கிடைத்தவை 94 பறவைகள். இன்று அவை இலட்சக்கணக்கில் பெருகியிருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் குஞ்சுகள் குறைவாகப் பிழைப்பதால் மீண்டும் கவலையோடு எண்ணிப் பார்க்கிறார்கள்.

வசந்த கால வேட்டையில் தாடி உள்ள பறவையை மட்டுமே சுடலாம். அடைகாக்கும் பெட்டைகளைக் காக்கவே இந்த விதி. பறவைக்கூட்டில் தாயையும் குஞ்சுகளையும் சேர்த்து எடுக்காதே, தாயைப் போகவிடு என்று இணைச்சட்ட நூல் பழங்காலத்திலேயே இஸ்ரயேலருக்குக் கட்டளையிட்டிருந்தது. தாய் பிழைத்தால்தான் காடு நிலைக்கும் என்பது அன்றும் இன்றும் ஒரே கணக்கு.

நாங்கள் வழக்கமாகப் போகும் நிலம் அந்த ஆண்டு கைமாறிவிட்டது. எனவே வேறு இடம் தேட வேண்டியிருந்தது. அந்த ஊரில் மரத்திலோ வேலிக் கம்பத்திலோ ஊதா நிறப் பட்டை தீட்டியிருந்தால், அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது என்று பொருள். அது மாநிலச் சட்டமே ஏற்றுக்கொண்ட அடையாளம். ஊரின் ஓரத்தில் ஒரு முதிய கைம்பெண்ணின் நிலம் இருந்தது. அதைச் சுற்றி எல்லா மரங்களிலும் ஊதாப் பட்டை. கணவர் இறந்த பிறகு அவர் யாரையும் உள்ளே விட்டதில்லை.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவரிடம் போய்க் கேட்டோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு எங்களை அழைத்து, காரணத்தையும் சேர்த்தே சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன், அதே நிலத்தில், வசந்த கால வேட்டையின்போது, புதரில் சலசலப்பைக் கேட்ட ஒருவர் பறவை என்று எண்ணிச் சுட்டுவிட்டார். புதருக்குள் இருந்தவர் இவருடைய கணவர். உயிர் பிழைத்தார்; ஆனால் கடைசிவரை வலக்கையைத் தோளுக்குமேல் தூக்க அவரால் முடியவில்லை. சுட்டவர் அந்நியர் அல்ல, நண்பர். "அவர் கெட்டவர் இல்லை. அவசரப்பட்டுவிட்டார்" என்றார் அந்த அம்மா.

பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். திறந்த வேலிக்கதவை அப்படியே மூட வேண்டும். மாடுகள் வெளியே போய்விடும். கிழக்கே ஓடையைத் தாண்டக் கூடாது. அது பக்கத்து நிலம். நண்பகலுக்குள் திரும்பிவிட வேண்டும். இவை மூன்றும் எல்லாரும் சொல்பவைதான். நான்காவதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தை நேராகப் பார்த்தார். "தாடியைக் கண்ணால் பார்க்காமல் சுடக் கூடாது." நாங்கள் ஒப்புக்கொண்டோம். வேலிக்கதவின் சங்கிலி எந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறது என்று காட்டினார்.

முதல் நாள் மாலையே போய் நிலத்தைப் பார்த்தோம். புதிய நிலத்தில் துப்பாக்கிக்கு முன்னால் கண்ணும் காதும் போக வேண்டும். சருகுகளைக் கால்களால் வாரிய தடங்கள் இருந்தன. ஓடைச் சேற்றில் மூன்று விரல் சுவடுகள். எச்சத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். கொக்கிபோல வளைந்திருந்தால் ஆண், சுருண்ட குவியலாக இருந்தால் பெட்டை. பொழுது சாயும் நேரத்தில் மேட்டின்மேல் அசையாமல் நின்றோம். கனத்த சிறகுகள் படபடவென்று அடித்துக்கொண்டு மரமேறும் ஒலி, மேற்குச் சரிவிலிருந்து கேட்டது. அது போதும் என்று திரும்பினோம்.

மறுநாள் விடியுமுன் உள்ளே போனோம். சங்கிலியைக் கழற்றினோம், மீண்டும் மாட்டினோம். தோளைவிட அகலமான ஓர் ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து அமர்ந்தோம். பின்னாலிருந்து வரும் ஆபத்தை மரம் தடுக்கும் என்பதற்காகவே அந்த வழக்கம். எங்கள் உடையில் சிவப்போ வெள்ளையோ நீலமோ துளியும் இல்லை. ஏன் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

கிழக்கு வெளுத்ததும் எங்கோ ஓர் ஆந்தை அலறியது. உடனே மேற்குச் சரிவில் ஆண் வான்கோழி குரல் கொடுத்தது. களகளவென்று உருண்டு வரும் அந்தக் குரல் காடு முழுவதும் எதிரொலித்தது. எங்களில் ஒருவர் உள்ளங்கையளவு சிலேட்டுத் தட்டில் குச்சியை மெல்ல உரசினார். சிறுவயதில் நாம் பள்ளிக்குக் கொண்டுபோன அதே சிலேட்டுக் கல்தான். உரசத் தெரிந்தவர் உரசினால் அதிலிருந்து பெட்டையின் குரல் வரும். ஆண் பறவை பதில் சொன்னது. ஆனால் வரவில்லை.

அது வராததற்குக் காரணம் இருக்கிறது. வான்கோழிகளின் வழக்கப்படி ஆண் நின்ற இடத்தில் நின்று கூவும். பெட்டைதான் தேடிப் போகும். வேட்டைக்காரர் கேட்பது அந்த இயல்புக்கு எதிரானது: நீ என்னிடம் வா என்கிறார். அதனால்தான் இந்த வேட்டையில் பெரும்பகுதி காத்திருப்பு. அதிகமாக அழைத்தால் பறவை சந்தேகப்படும். கொஞ்சம் அழைத்துவிட்டு நிறைய மௌனமாக இருக்க வேண்டும்.

மணி எட்டைத் தாண்டியது. பறவையின் குரல் நின்றுவிட்டது. அப்போது எங்களுக்கு இடப்பக்கம், ஓடைப் பக்கமிருந்து, சருகில் காலடி கேட்டது. இரண்டு அடி. நின்றது. மூன்று அடி. நின்றது. அனுபவப்பட்டவர்கள் எல்லாரும் சொல்வார்கள், வான்கோழி நடந்து வருவது மனிதன் நடந்து வருவதுபோலவே கேட்கும் என்று. விவசாயி துப்பாக்கியை மிக மெதுவாக முழங்கால்மேல் உயர்த்தினார். முப்பது அடிகளுக்கு அப்பால், புதரின் இடுக்கில், தரையிலிருந்து சிறிது உயரத்தில், ஒரு சிவப்பு தெரிந்தது. அதனருகே ஒரு நீலம். அசைந்தது.

நிறம் சரியாக இருந்தது. ஒலி சரியாக இருந்தது. தொலைவும் சரியாக இருந்தது. தாடி தெரியவில்லை.

விவசாயி பாதுகாப்புக் கொக்கியிலிருந்து விரலை எடுத்தார். குழலைத் தரைக்குத் தாழ்த்தினார். பிறகு, காடே கேட்கும்படி, தெளிவான குரலில், "யார் அங்கே?" என்றார்.

புதருக்குள்ளிருந்து ஓர் இளைஞன் எழுந்து நின்றான். தலையில் நீலத் தொப்பி. கையில் சிவப்புத் துணியில் முடிந்த மூட்டை. ஏப்ரலில் அந்தக் காடுகளில் மோரல் என்ற காளான் முளைக்கும். அதன் சுவைக்காக மக்கள் அதைத் தேடி அலைவார்கள். காளானையே பார்த்துக் குனிந்து குனிந்து வந்தவன், ஓடையைத் தாண்டியதைக் கவனிக்கவில்லை. எங்களைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. எங்கள் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். யாரும் யாரையும் திட்டவில்லை. ஓடை எந்தப் பக்கம் என்று காட்டினோம். அவன் போன பிறகு வெகுநேரம் நாங்கள் பேசவில்லை. விவசாயியின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

வீட்டிற்குத் திரும்பிவிடலாமா என்று ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் தலையசைத்து மறுத்தார். கை நடுக்கம் நிற்கும்வரை துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை வெளியே எடுத்துத் தரையில் வைத்திருந்தார். பிறகு மீண்டும் அமர்ந்தோம்.

காலை ஏறிய பின் பெட்டைகள் முட்டையிடக் கூடுகளுக்குப் போய்விடும். தனித்துவிடப்பட்ட ஆண் அப்போதுதான் துணை தேடி நடக்கும். பத்தரை மணிக்கு மேல், சிலேட்டில் இரண்டே முறை உரசினோம். பதில் குரல் இல்லை. கால் மணி நேரம் கழித்து, காதுக்குக் கேட்பதைவிட நெஞ்சுக்குத் தெரிவதுபோல, ஒரு மெல்லிய முழக்கம் வந்தது. வாலை விசிறியாக விரித்து, இறக்கை நுனிகள் சருகில் உரச, அது மேட்டின்மேல் ஏறி வந்தது. வெயில் பட்டதும் அதன் இறகுகள் செம்பும் பச்சையுமாக மின்னின. தலை வெளுத்தது, சிவந்தது. மார்பில் தாடி ஒரு சாண் நீளத்துக்குமேல் தொங்கியது. இருவரும் அதைத் தெளிவாகப் பார்த்தோம். பின்னால் வேறு பறவை இல்லை, மனிதரும் இல்லை. அது வாலைச் சுருக்கித் தலையை உயர்த்திய கணத்தில் ஒரே ஒரு வெடி. பறவை துடிக்கவில்லை.

உயிர் ஒன்று முடிந்த இடத்தில் கைதட்டலுக்கு இடமில்லை. தொப்பியைக் கழற்றி, படைத்தவருக்கு நன்றி சொன்னோம். ஏறக்குறைய பத்துக் கிலோ எடை. உரிமச் சீட்டில் குறித்து, அன்றே மாநில அரசுக்குத் தெரிவித்தோம்.

நண்பகலுக்கு முன்பே அந்த அம்மாவின் வாசலுக்குப் போனோம். பறவையைக் காட்டுமுன் காளான் பறித்த இளைஞனைப் பற்றிச் சொன்னோம். மறைக்கவில்லை, அது அவருடைய நிலம், அவர் அறிய வேண்டும். நாற்காலியின் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "யார் வீட்டுப் பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். சொன்னோம். "அவன் அம்மாவை எனக்குத் தெரியும்" என்றார். பிறகு பறவையைப் பார்த்தார். மார்புக்கறி எங்களுக்கு, தொடைக்கறி தனக்கு என்றார். காட்டு வான்கோழியின் தொடை கடினமானது. மணிக்கணக்கில் மெதுவாக வேக வேண்டும். "எனக்குத்தான் நேரம் இருக்கிறதே" என்று சிரித்தார். அந்த நிலத்து மரங்களில் ஊதாப் பட்டைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் அடுத்த வசந்தத்தில் நாங்கள் கேட்கப் போனபோது, அவர் ஒரு வாரம் யோசிக்கவில்லை.

அன்பர்களே, இந்த வேட்டையை வெற்றி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நாங்களும் சொல்கிறோம். ஆனால் எது வெற்றி? பத்தரை மணிக்குமேல் வந்த பறவையா, எட்டு மணிக்குத் தாழ்ந்த குழலா? பறவை வராமலே போயிருந்தாலும் அன்று மாலை இரண்டு வீடுகளில் விளக்கு வழக்கம்போல் எரிந்திருக்கும். எட்டு மணிக்கு ஒரு நொடி முந்தியிருந்தால்?

நம்மிடம் துப்பாக்கி இல்லை. ஆனால் நாக்கு இருக்கிறது. கைப்பேசி இருக்கிறது. நாம் எதைப் பார்த்துச் சுடுகிறோம்? புதிதாகக் குடிவந்த குடும்பத்தைப் பற்றி யாரோ ஒன்று சொல்கிறார்கள். சலசலப்பு கேட்கிறது. நாம் எதிர்பார்த்த நிறமும் தெரிகிறது. ஏனெனில் எதிர்பார்த்ததைத்தான் கண் முதலில் காணும். உடனே பேசிவிடுகிறோம், பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். மருமகள் ஏன் மூன்று நாளாகச் சிரிக்கவில்லை? பங்குப் பேரவையின் கணக்கில் ஏன் ஒரு தொகை குறைகிறது? பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏன் இரவில் பிந்தி வருகிறான்? தாடியைப் பார்த்தோமா? முழுதாகப் பார்த்தோமா? அல்லது புதரிடுக்கில் ஒரு சிவப்பையும் நீலத்தையும் மட்டும் பார்த்தோமா? புதருக்குள் இருந்தவர் பிழைத்தாலும், அதன்பிறகு கையைத் தோளுக்குமேல் தூக்க முடியாமல் வாழ்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைச் சுட்டவர்களும் கெட்டவர்கள் அல்லர். அவசரப்பட்டவர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த விவசாயி சுடாமல் இருந்ததோடு நிற்கவில்லை. "யார் அங்கே?" என்று கேட்டார். சந்தேகம் வரும்போது வாயை மூடிக்கொள்வது பாதி நன்மைதான். நேராகப் போய்க் கேட்பது மறுபாதி. மருமகளிடமே கேட்கலாம். கணக்கு எழுதியவரிடமே கேட்கலாம். பெரும்பாலும் புதருக்குள்ளிருந்து எழுந்து நிற்பவர் கையில் காளான் மூட்டைதான் இருக்கும்.

ஒவ்வொரு மனிதரும் நமக்கு அயலார் நிலம்தான். முப்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவரிடத்திலும் நாம் அறியாத ஓடைகள் உண்டு. ஊதாப் பட்டை தீட்டிய மரங்கள் உண்டு. அந்தப் பட்டைகளுக்குக் காரணமும் உண்டு. கேட்டுவிட்டு நுழைவோம். திறந்த கதவை மூடிவிட்டு வருவோம். கிடைத்ததில் அந்த நிலத்துக்குரிய பங்கை முதலில் கொடுப்போம்.

இந்த வாரம் ஒரே ஒரு முயற்சி செய்து பார்ப்போம். யாரைப் பற்றியாவது ஒரு சொல் நாவின் நுனிக்கு வரும்போது, அதை வெளியே விடுமுன் நம்மையே கேட்போம்: முழுதாகப் பார்த்தேனா? பார்க்கவில்லை என்றால் குழலைத் தாழ்த்துவோம். அதற்கான பொறுமையை இறைவன் நம் எல்லாருக்கும் அருள்வாராக. ஆமென்.